நாலரைக்குக் கடைசி ஏற்றம்

கப்பலின் படியடியில் நின்ற காவலர் எல்வீராவின் அறை அட்டையை வாங்கி இயந்திரத்தில் காட்டினார். அது டிங் என்று ஒலித்தது. அவருக்குப் பின்னால் இருந்த பலகையில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: கடைசி ஏற்றம் 4.30. அதற்கு மேலே ஒரு கடிகாரம். மணி நாலு ஐந்து.

எல்வீரா தன் போனைப் பார்த்தாள். மூன்று ஐந்து.

"உங்க கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால ஓடிப்போச்சு போலிருக்கே," என்று சிரித்தாள்.

"இல்லைங்க மேடம். இது கப்பல் நேரம். உங்க போன் காட்டுறது மசாட்லான் ஊர் நேரம்." அந்த பிலிப்பைன்ஸ்காரர் இதை ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். "முந்தாநாள் நின்ன வயார்த்தா ஊர் நேரத்துக்காக ஒரு மணி முன்னால தள்ளி வச்சோம். அப்புறம் திருப்பலை. தினமும் ராத்திரி அறையில வைக்கிற தாள்ல போட்டிருக்குமே?"

அந்தத் தாள் எங்கே என்று எல்வீராவுக்குத் தெரியும். நேற்று அதை நாலாக மடித்துத் தன் தோடுகளைப் பொதிந்து வைத்திருந்தாள்.

காலையில் கப்பல் துறையில் நின்றதும், மகளுக்குச் செய்தி அனுப்பத்தான் போனைத் திறந்தாள். கணவன் ருத்தீலியோ குளித்துக்கொண்டிருந்தான். அவன் கைக்கடிகாரம் மேசைமேல் கிடந்தது. போனைவிட அது ஒரு மணி நேரம் முன்னால் ஓடியது. பழைய கடிகாரம், மறுபடி கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தாள். திருகைப் பிடித்து ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள். அவனிடம் சொல்லக்கூட இல்லை. இருபத்தெட்டு வருஷமாக அவன் சட்டைப் பொத்தான்களைத் தைத்து வைப்பதுபோலத்தான் அதையும் செய்தாள்.

"என் புருஷன் ஏறிட்டாரா, பாருங்க. அதே அறைதான்."

காவலர் திரையைப் பார்த்தார். "இன்னும் இல்லை, மேடம். போன் பண்ணிப் பாருங்களேன்."

"போனை அறைப் பெட்டகத்துல வச்சுப் பூட்டிட்டு வந்திருக்கார். விடுமுறையாம்."

அவன் எங்கே இருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். அரை மணி நேரத்துக்கு முன்பு அவனை விட்டுவிட்டு வந்ததே அவள்தான்.

கடற்கரைச் சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடை. எலுமிச்சையிலும் பச்சை மிளகாயிலும் ஊறிய இறால் இரண்டு தட்டு. நாலு நாளாகக் கப்பலில் அவன் வாய் திறந்து பேசியதை எண்ணினால் ஒரு கை விரல் போதும். வீட்டுக்கூரை போடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவன் அப்படித்தான் ஆகிவிட்டான். மகளும் வீட்டைவிட்டுப் போனபின் லாங் பீச் வீட்டில் டிவி மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தது. அந்த மகள்தான் இந்தக் கப்பல் பயணத்துக்கு ஏற்பாடு செய்து, "போய் ரெண்டு பேரும் நிம்மதியா ஓய்வெடுங்க," என்று அனுப்பிவைத்தாள்.

இறாலைக் கிளறிக்கொண்டே எல்வீரா சொல்லிவிட்டாள். "ஊருக்குப் போனதும் நான் ஃபிரெஸ்னோவுல தங்கச்சி வீட்டுக்குப் போயிடறேன், கிழவா. கொஞ்ச நாளுக்கு இல்லை. அங்கேயே இருந்துடலாம்னு இருக்கேன். உனக்கு நான் தேவையில்லை, ரிமோட் இருந்தாப் போதும்."

அவன் கடலைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்து, போகிற வாடகை வண்டியைக் கைகாட்டி நிறுத்தி ஏறிவிட்டாள்.

இப்போது அவன் தன் கடிகாரத்தை நம்பி உட்கார்ந்திருப்பான். நிதானமாகக் கிளம்பி, அவன் கணக்கில் நாலு மணிக்கு இங்கே வந்து நிற்பான். கப்பல் இருந்த இடத்தில் வெறும் தண்ணீர் இருக்கும். சொன்னபடியே போய்விட்டாள் என்று நினைப்பான். மகள் வீட்டு மேசையில் உட்கார்ந்து கடிகாரக் கதையைப் பிறகு எத்தனை தடவை விளக்கினாலும், அவன் அந்தத் துறையில் நின்ற நேரத்தை யாரும் அழிக்க முடியாது.

"மேடம், நீங்க உள்ளே வந்துட்டா உங்களுக்குக் கவலையில்லை," என்றார் காவலர். "சார் வரலைன்னா அவரோட பாஸ்போர்ட்டைப் பெட்டகத்திலிருந்து எடுத்து இங்கே துறைமுக ஏஜென்ட்கிட்ட கொடுத்துடுவோம். அவர் பத்திரமா ஊருக்கு அனுப்பி வைப்பார்."

"என்னோடதையும் சேர்த்து எடுத்துக் கொடுத்துடுங்க," என்றாள் எல்வீரா.

"மேடம்?"

ஆனால் அவள் திரும்பி நடக்க ஆரம்பித்திருந்தாள்.

சரக்குத் துறைக்குள் யாரும் நடக்கக் கூடாது. கப்பலுக்கும் வாசலுக்கும் இடையில் ஒரு டிராம் வண்டி ஆமைபோலப் போய் வரும். அதில் உட்கார்ந்து எல்வீரா பொறுமையின்றித் தன் முழங்காலை முஷ்டியால் குத்திக்கொண்டாள். எதிரே தொப்பியும் மரப் பொம்மையுமாகக் கப்பலுக்குத் திரும்பும் கூட்டம் சிரித்துக்கொண்டு போனது. அந்தக் கூட்டத்தில் ஒவ்வொரு நரைத்த தலையாகத் தேடினாள். அவன் இல்லை.

வாசலில் கூரையும் கதவும் இல்லாத புல்மோனியா வாடகை வண்டிகள் வரிசையாக நின்றன. முதல் வண்டியில் ஏறி விழுந்தாள்.

"கடற்கரைச் சாலை, அண்ணே. பறக்கணும்."

ஓட்டுநர் நசாரியோ பாட்டுச் சத்தத்தைக் குறைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "எல்லாரும் கப்பலுக்குப் போறாங்க, நீங்க கப்பல்லேருந்து ஓடறீங்க. யாரையாவது குத்திட்டீங்களா?"

"புருஷனை விட்டுட்டு வந்துட்டேன்."

"அதுக்கு ஏன் திரும்பிப் போறீங்க? என் பொண்டாட்டி அஞ்சு தடவை முயற்சி பண்ணியிருக்கா."

"அண்ணே, நாலரைக்குப் படியை எடுத்துருவாங்க!"

"கப்பல் நேரமா?" அவர் முகம் மாறியது. வண்டி எகிறியது. "வாரத்துக்கு ஒரு ஜோடி இப்படித்தான். இந்த நேரக் கோளாறுல நாங்க பொழைக்கிறோம். கெட்டியாப் பிடிச்சுக்குங்க!"

கலங்கரை விளக்குத் திருப்பத்தில் ஐஸ் லாரி ஒன்று பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. நசாரியோ கத்தினார். லாரிக்காரன் பதிலுக்குக் கத்தினான். எல்வீரா வண்டியில் எழுந்து நின்று இருவரையும் விட உரக்கக் கத்தினாள். லாரி நின்றது. கப்பல் நேரம் நாலு பதினெட்டு.

அவர்கள் குடும்பத்தில் ஒரு சட்டம் உண்டு. மகள் மூன்று வயதில் சந்தையில் தொலைந்து, மூன்று பேரும் மூன்று பக்கம் தேடி அலைந்த நாளில் போட்டது. தொலைந்தால் தேடிப் போகாதே, பிரிந்த இடத்திலேயே நில். ருத்தீலியோ அதை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிப்பவன். அங்கேதான் இருப்பான். இருக்க வேண்டும். ஒருவேளை கோபத்தில் கிளம்பியிருந்தால்? எதிர்ப்புறம் போகிற ஒவ்வொரு வண்டியையும் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். அவை திறந்த வண்டிகளாக இருந்ததற்குக் கடவுளுக்கு நன்றி சொன்னாள்.

அதே மேசை. அதே நாற்காலி. அவன் இன்னும் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கிழவா! எழுந்திரு!"

அவன் திரும்பினான். அவளைப் பார்த்ததும் முகத்தில் வந்ததை நின்று பார்க்க அவளுக்கு நேரமில்லை.

"வந்துட்டியா? நான் இப்பத்தான்..."

"பேசாதே! நாலு நாளாப் பேசலையே, இன்னும் பத்து நிமிஷம் பேசாம இரு! கப்பல் போகப்போகுது!"

"மணி மூணரைகூட ஆகலையே, கிழவி."

"ஏறு!"

அவன் பரிமாறும் பெண்ணிடம் ஏதோ குனிந்து சொன்னான். எல்வீராவுக்குக் கோபத்தில் கண் இருண்டது. "டிப்ஸை அப்புறம் கொடு!" என்று சட்டையைப் பிடித்து இழுத்து வண்டியில் தள்ளினாள்.

திரும்பும் வழியில் ருத்தீலியோ ஒரு கையால் வண்டிக் கம்பியையும் மறு கையால் அவள் முழங்கையையும் பிடித்திருந்தான். வாசலில் இறங்கும்போது அவள் கணக்கில் நாலு முப்பத்தெட்டு. டிராம் இல்லை. கடைசி நடை போய்விட்டதாம்.

"ஓடுங்க!" என்றார் நசாரியோ. "அஞ்சு மணிக்குத்தான் கயிறு அவிழ்ப்பாங்க!"

ஓடினார்கள். சரக்குப் பெட்டிகளுக்கு நடுவே ஓடினார்கள். ஒரு காவல்காரன் விசில் ஊதிக்கொண்டே பின்னால் வந்தான். மூட்டு வலிக்காரியும் முதுகு வலிக்காரனும் கையைக் கோத்துக்கொண்டு ஓடுவதைக் கப்பலின் மேல்தளத்தில் யாரோ பார்த்துவிட்டார்கள். கைத்தட்டல் தொடங்கியது. தளம் தளமாகப் பரவியது. கையில் பானக் கோப்பையோடு நூற்றுக்கணக்கான பேர் கம்பிமேல் சாய்ந்து, "வா! வா! வா!" என்று கூவினார்கள்.

படியை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள்.

எல்வீரா இரண்டு கையையும் ஆட்டினாள். தன் தொப்பியைக் கழற்றி ஆட்டினாள். கப்பல் நீளமாக ஒருமுறை ஊதியது. மேலே இருந்து ஒரே குரலாக "அடடா!" என்று இறங்கியது. அவ்வளவுதான்.

வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வந்து பழுப்பு உறை ஒன்றை நீட்டினார். துறைமுக ஏஜென்ட். "ரெண்டு பாஸ்போர்ட், சாரோட போன். ஒரு மேடம் ரெண்டையும் கொடுக்கச் சொன்னதாச் சொன்னாங்க. நாளைக்கு எல்லைப்பக்கம் டிஹுவானாவுக்கு விமானம் இருக்கு, அங்கேருந்து உங்க ஊருக்குப் போயிடலாம். அலுவலகத்துக்கு வாங்க, பேசலாம்." சொல்லிவிட்டு நடந்தார்.

ருத்தீலியோ உறையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "நீ படி வரைக்கும் போயிட்டியா?"

"போயிட்டேன்."

"ஏறியிருக்கலாமே."

"உன் கடிகாரத்தைத் திருப்பி வச்சது நான்தான்." மூச்சு இன்னும் அடங்கவில்லை. "காலையில. தப்பா ஓடுதுன்னு நினைச்சேன். நீ இங்க வந்து நின்னு, நான் விட்டுட்டுப் போயிட்டேன்னு..."

அவன் துறையோரத்து இரும்புக் கட்டையில் உட்கார்ந்து, அவளுக்கும் இடம் ஒதுக்கினான்.

"நீ எழுந்து போனப்ப நான் பதில் சொல்லத்தான் யோசிச்சுக்கிட்டிருந்தேன்."

"ரெண்டு நிமிஷமா?"

"நானும் ஃபிரெஸ்னோ வரேன்னு சொல்லலாம்னு இருந்தேன். ஆனா உன் தங்கச்சிக்கு என்னைப் பிடிக்காது. அவ வீட்டுக் கூரையை நான் போட்டது ஒழுகுச்சே, ஞாபகம் இருக்கா? அதை எப்படிச் சமாளிக்கிறதுன்னு யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள நீ வண்டி ஏறிட்டே."

எல்வீரா அவனை முறைத்துப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். சிரிப்பா அழுகையா என்று விசில்காரனுக்கே விளங்கவில்லை. அவன் சற்றுத் தள்ளியே நின்றுகொண்டான்.

"இன்னைக்கு வாயைத் திறந்தே. நாளைக்கு?"

"நாளைக்கும் திறக்கிறேன். அறை டிவி கப்பலோட போயிடுச்சில்ல."

கப்பல் மெல்லத் துறையைவிட்டு விலகியது. அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத் திருகைத் தொட்டாள். அவன் கையை இழுத்துக்கொண்டான்.

"விடு, கிழவி. இனிமே நமக்கு எதுக்குக் கப்பல் நேரம்? இந்த ஊருக்கு இதுதான் சரி. மணி நாலுதான் ஆகப் போகுது." எழுந்து முதுகைப் பிடித்துக்கொண்டு அவளுக்குக் கை கொடுத்தான். "வா, போய்ச் சாப்பாட்டை முடிக்கலாம். உன் தட்டை எடுக்க வேண்டாம்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன்."