துருக்கை

அந்தப் பெருவிரல் ரேகை ஜோடியில் எந்தத் துப்பாக்கியில் இருந்தது என்று இப்போது என்னால் சொல்ல முடியவில்லை. பெட்டியில் இடப்பக்கம் படுத்திருந்ததில் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். போன வாரம் கண்ணை மூடி யோசித்தபோது அது வலப்பக்கம் தெரிந்தது. என் நண்பன் செர்வேயும் நானும் பேசிக்கொண்டதைவிடப் பேசாமல் உட்கார்ந்திருந்த நேரமே அதிகம். அதனால் அவன் சொன்னது எது, நானாக நினைத்துக்கொண்டது எது என்பதும் கலந்துவிட்டது. ரேகை இருந்தது மட்டும் நிச்சயம்.

செர்வே சேர்த்தவை எல்லாம் சட்டைப்பைத் துப்பாக்கிகள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பெல்ஜியத்தில் எங்கள் லியேஜ் நகரத்துப் பட்டறைகளில் ஒரு காலத்தில் கூடை கூடையாகச் செய்தவை. குழலில் திராட்சைக் கொடி, பக்கத் தகட்டில் முயலைத் துரத்தும் நாய், கருங்காலிப் பிடியில் மயிரிழை போல வெள்ளிக் கம்பி. சுத்தியைப் பின்னுக்கு இழுத்தால்தான் மடிந்து ஒளிந்திருக்கும் விசை கீழே இறங்கும். ஞாயிறு தோறும் ஆற்றங்கரைச் சந்தையில், கோழிக் கூண்டுகளுக்கும் பழைய பூட்டுகளுக்கும் நடுவே குனிந்து குனிந்து அவன் பொறுக்கியெடுத்தவை.

அவற்றில் ஒன்றையும் அவன் வெறுங்கையால் தொட்டதில்லை. சிலருடைய வியர்வை இரும்புக்கு ஆகாது. இன்று தொட்டால் இரண்டு நாளில் அந்த இடத்தில் விரல் ரேகை செம்பழுப்புத் துருவாக எழும்பி நிற்கும். பட்டறைகளில் அப்படிப்பட்டவனைத் துருக்கை என்பார்கள். வேலையில் சேர்க்க மாட்டார்கள். செர்வேயின் அப்பா குழல் மெருகு போடுபவர். மகனை ஆசையாகப் பட்டறைக்கு அழைத்துப் போனவர், ஒரே வாரத்தில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திருப்பிக் கூட்டி வந்தார். அவன் டிராம் கம்பெனியில் குமாஸ்தா ஆனான். கையுறை போட்டுப் பார்த்தான். உறையே ஊறிவிடும்.

அவன் மனைவி லெயோனியின் கை கோடையிலும் உலர்ந்து குளிர்ந்திருக்கும். துப்பாக்கிகளை எடுப்பது, இறகால் எண்ணெய் தடவுவது, திரும்பப் படுக்க வைப்பது எல்லாம் அவள்தான். சனிக்கிழமை மாலைகளில் காபிக் கடையின் பின்னறையில், பழைய துப்பாக்கி சேர்க்கும் எங்கள் கூட்டம் கூடும். ஒவ்வொருவரும் புதிதாகக் கிடைத்ததைக் கொண்டு வருவோம். செர்வேயின் துப்பாக்கியை அவள் ஏந்திக் காட்டுவாள். அவன் பக்கத்தில் நின்று விளக்குவான்.

ஒரு தடவை கிழவர் ஒருவர், "ஏம்ப்பா செர்வே, முத்தமாவது நீயே குடுக்கிறியா, இல்ல அதுக்கும் ஆள் வச்சிருக்கியா?" என்றார்.

"அதுக்கு எண்ணெய் போட வேண்டாமே. அதனால அவனே பாத்துக்கிறான்," என்றாள் லெயோனி.

எல்லோரும் சிரித்தோம். ஆனால் எண்ணெய் போடும் நாட்களில் அவன் அவள் கையைத் தொடமாட்டான். தன் உப்பு அவள் விரலில் ஒட்டி, அங்கிருந்து இரும்புக்குப் போய்விடுமென்ற பயம். துப்பாக்கிகள் பெருகப் பெருக எல்லா நாளும் எண்ணெய் போடும் நாளாகிவிட்டது. தெருவில் நடக்கும்போது அவள் அவன் கோட்டின் கையைத்தான் பிடித்துக்கொள்வாள்.

ஒரே பெட்டியில் இரட்டையாகச் செய்த அந்த ஜோடிதான் அவனிடம் இருந்தவற்றிலேயே உயர்ந்தது. அதைப் பார்க்க ஒரு குளிர்காலத்தில் பக்கத்து ஊரான வெர்வியேயிலிருந்து தோனார் என்ற கம்பளி ஆலைக்காரர் எங்கள் கூட்டத்துக்கு வந்தார். விலைக்குக் கேட்டார். செர்வே தலையசைத்து மறுத்தான். தோனார் தொப்பியை எடுத்துக்கொண்டே, "பரவாயில்ல. நீங்க இல்லாதப்ப வீட்டம்மாவைக் கேட்டுப் பாக்கறேன். பெட்டி அவங்க கையிலதானே இருக்கு," என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

பனி உருகும் சமயத்தில் செர்வே என்னைக் கூப்பிட்டு அனுப்பினான். பூதக் கண்ணாடியை என் கையில் கொடுத்துவிட்டுப் பெட்டியைக் காட்டினான். ஜோடியில் ஒன்றின் குழலில், கொடி வேலைக்கு மேல் ஒரு பெருவிரல், வளையம் வளையமாக, துருவில்.

"நான் தொட்டதே இல்ல," என்றான். "அவ கை பட்டா துரு ஏறாது. கல்யாணமான நாள்லேர்ந்து பாத்துட்டிருக்கேன். அப்ப இது யாரு விரல்?"

ஈரத் துணி பட்டிருக்கும் என்றேன்.

"துணிக்கு ரேகை இருக்குமாடா?"

அவன் மனதில் தோனாரின் பெயர் இருந்தது எனக்குத் தெரிந்தது. லெயோனியைக் கேட்டான். யாரும் வரவில்லை என்றாள். மறுநாளும் கேட்டான். சாப்பாட்டு மேசையில் அது ஒரு பதார்த்தம் போல ஆகிவிட்டது. அவள் இளைத்துக்கொண்டே போனாள். குளிர் விடாத நாளிலும் ஜன்னலைத் திறந்து வைத்தாள். பின்னால் நின்று பெயர் சொன்னால் திடுக்கிட்டாள், தட்டு கைநழுவியது. செர்வே எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னான். "குத்தமுள்ள நெஞ்சுடா, அதான் குறுகுறுக்குது."

பிறகு அந்தத் துப்பாக்கியை மெருகுக்காரனிடம் கொண்டுபோய் ரேகையைத் தேய்த்து எடுக்கச் சொன்னான். துரு ஆழமாகக் கடித்திருந்தது. அதோடு ஒரு இலையும் ஒரு சுருள் கொடியும் சேர்ந்து போயின. அது திரும்பி வந்த அன்றே, அல்லது மறுநாள், லெயோனி துப்பாக்கி அலமாரிச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு தினான் என்ற ஊரிலுள்ள அக்கா வீட்டுக்குப் போனாள். அவன் தடுக்கவில்லை.

கோடையில் அக்கா கிளாரிஸ் தங்கையின் துணிமணிகளை எடுத்துப் போக வந்தாள். நானும் அப்போது அங்கே இருந்தேன். லெயோனிக்குக் கழுத்துச் சுரப்பியில் கோளாறு, அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது என்றாள். உடம்புக்குள் அடுப்பு எரிகிற மாதிரியான நோயாம். இளைப்பு, படபடப்பு, உஷ்ணம் எல்லாம் அதனால்தானாம்.

"டாக்டர் கை குலுக்கினதுமே கண்டுபிடிச்சிட்டார்," என்றாள். "கை சுட்டுச்சாம். ஒரேயடியா ஈரமா இருந்துச்சாம்."

"ஈரமாவா?" என்றான் செர்வே.

கிளாரிஸ் மூட்டை கட்டி முடித்துக் கதவைச் சாத்திக்கொண்டு போன பிறகும் அவன் அதே இடத்தில் நின்றான்.

இலையுதிர் காலத்தில் என்னையும் அழைத்துக்கொண்டு தினானுக்குப் போனான். கிளாரிஸுக்கு அங்கே தேன் பிஸ்கட் கடை. அந்த ஊருக்கே பெயர் போன, பலகை போலக் கடினமான பிஸ்கட். பின்கட்டில் லெயோனி மர அச்சில் மாவை அழுத்திக்கொண்டிருந்தாள். கழுத்தில் துணி சுற்றியிருந்தாள். உடம்பு தேறியிருந்தது.

"அது உன் விரல்தான்," என்றான். "எனக்குத் தெரியாமப் போச்சு."

"எனக்கே தெரியலையே. நீ கேட்ட கேள்வில, நெஜமாவே யாரோ வந்துட்டுப் போயிருக்காங்களோன்னு நானே யோசிச்சேன்."

"வீட்டுக்கு வா, லெயோனி."

"எண்ணெய் போட ஆள் கெடைக்கலையா?"

"அதுக்கில்ல."

அவள் அச்சைக் கவிழ்த்துத் தட்டினாள். மான் உருவம் ஒன்று விழுந்தது. அதன் கொம்பைச் சரிசெய்துகொண்டே, கோபமில்லாத குரலில் சொன்னாள். "அந்த ரேகையை எத்தனை நாள் கண்ணாடி வச்சுப் பாத்த. என் கையை ஒரு தடவை பிடிச்சிருந்தா போதும். தெரிஞ்சிருக்கும்."

அவன் கையை நீட்டினான் என்றே நினைக்கிறேன்.

"மாவா இருக்கு," என்றாள்.

கிளம்பும்போது ஒரு பொட்டலம் பிஸ்கட்டை என்னிடம் கொடுத்து, காபியில் நனைத்துத் தின்னச் சொன்னாள், இல்லாவிட்டால் பல் போய்விடுமாம்.

ரயிலில் வழி நெடுக ஆறு கூடவே வந்தது. செர்வே தன் வலது கையைத் தொடைமேல் மல்லாத்தி வைத்திருந்தான். லியேஜ் நெருங்கும்போது, "அவ ரேகையைத் தேய்க்காம விட்டிருக்கலாம்," என்றான். அதன் பிறகு அந்தப் பேச்சை அவன் எடுக்கவே இல்லை.

லெயோனி திரும்பி வரவில்லை. அவர்கள் சட்டப்படி பிரியவும் இல்லை. செர்வே சில வருஷம் துப்பாக்கிகளை அப்படியே வைத்திருந்துவிட்டு, துரு பரவத் தொடங்கியதும் எல்லாவற்றையும் தோனாருக்கு விற்றான். பென்ஷன் வாங்கத் தொடங்கிய சில வருஷங்களில் இறந்தான். லெயோனி அடக்கத்துக்கு வந்து எங்கள் எல்லோருக்கும் கை கொடுத்தாள்; கை பழையபடி உலர்ந்து குளிர்ந்திருந்தது. கிளாரிஸுக்குப் பிறகு கடையை அவளே நடத்தி, தினானிலேயே காலமானாள். தோனாரின் பிள்ளைகள் எல்லாவற்றையும் ஏலத்தில் விட்டார்கள். ஜோடியில் ஒன்றில் செதுக்கு வேலை சற்றுத் தேய்ந்திருக்கிறது என்று ஏலக்காரர் அறிவித்தார். பிரஸ்ஸல்ஸ்காரர் ஒருவர் வாங்கிப் போனார். நான் இன்னும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போகிறேன். எதையும் வாங்குவதில்லை.