கடல் விசிறி

கடலே இல்லாத ஊரில் கடல் பாடம் நடத்த ஒருத்தி சம்பளம் வாங்குகிறாளாம். சொன்னால் கேட்கிறவன் சிரிக்கமாட்டானா? ஆனால் திரௌபதி சிரிக்கவில்லை. அவளுக்குச் சந்தேகம்தான் வந்தது.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம் அவள் கடை. சங்கு, சோழி, சிப்பி மாலை, குங்குமம், அதோடு காய்ந்த மரக்கிளை மாதிரி கறுப்பாக விரிந்த கடல் விசிறி. வாசலில் மாட்டினால் கண் திருஷ்டி அண்டாது என்று பௌர்ணமிக்கு வருகிறவர்கள் கேட்டுக் கேட்டு வாங்குவார்கள். புருஷன் போன பிறகு அந்தக் கடைதான் அவளுக்குச் சோறு, துணி, மானம் எல்லாம்.

அங்கேதான் இந்தக் கீர்த்தனா பௌர்ணமி தவறாமல் வந்து நின்றாள். தோளில் ஒரு துணிப்பை. வாங்கவும் மாட்டாள், நகரவும் மாட்டாள்.

“அக்கா, இந்த விசிறி செடி இல்லைங்க. கடலுக்கு அடியில சின்னச் சின்ன உயிருங்க சேந்து கட்டுன வீடு. விக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு.”

“யாரும்மா நீ?”

“வேங்கிக்கால்ல ஆபீஸ். கடல எப்படிக் காப்பாத்தறதுன்னு ஸ்கூல்லயும் ஜனங்ககிட்டயும் சொல்றதுதாங்க வேலை.”

“ஏரியிலயே தண்ணி இல்ல. இங்க வந்து கடலுன்ற!”

“வாங்கறவங்க இங்கதானேக்கா வராங்க? இங்க வாங்கறத விட்டாதான் அங்க அறுக்கறது நிக்கும்.”

பதில் மனப்பாடம் செய்து ஒப்பித்த மாதிரி அவ்வளவு சுத்தமாக இருந்தது. அதுவே திரௌபதிக்கு உறுத்தியது.

பக்கத்து டீக்கடை அப்பாதுரை சும்மா இருப்பாரா? “ஃபாரஸ்ட்டுக்கு ஆள் காட்டற பொண்ணும்மா அது. நோட்டம் பாத்துக்கினு போயி சொல்லும். போன மாசம் ஒரு கடைக்கு சீல் வெச்சிட்டாங்க, தெரியுமில்ல?”

அவ்வளவுதான். கையிலிருந்த விசிறிகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டாள். ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதைக் குங்கும டப்பாக்களுக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

அடுத்த பௌர்ணமி மத்தியானம் கீர்த்தனா வந்தாள். கேட்ட முதல் கேள்வியே அதுதான். “விசிறிங்க எங்கக்கா? இருந்தா நீங்களே ஃபாரஸ்ட் ஆபீஸ்ல ஒப்படைச்சிடுங்க. பயந்துக்காதீங்க, நான் கூட வரேன்.”

கூட வருகிறாளாம்! ஆட்டுக்குத் தழையைக் காட்டி ஓட்டிக்கொண்டு போகிற கதைதான்.

கீர்த்தனா பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள். “எங்கப்பா கீழ்பென்னாத்தூர்ல மல்லாட்டை பயிர் போடறாரு. ‘இதெல்லாம் ஒரு வேலையா’ன்னு இன்னும் கேக்கறாரு. இந்த வருசம் நல்ல பேர் எடுத்தாதான் வேலை நிக்கும். இல்லன்னா ஊருக்கே போகணும்.”

இரக்கம் வரவழைக்கப் பார்க்கிறாள் கள்ளி, என்று திரௌபதி பல்லைக் கடித்தாள்.

“பையப் பாத்துக்கோங்கக்கா, டீ வாங்கினு வரேன்,” என்று கீர்த்தனா நகர்ந்தாள். அவள் அந்தப் பக்கம் போக, இந்தப் பக்கம் வளைவில் வனத்துறை ஜீப் திரும்பியது.

பார்த்தாயா! இவள் வந்தாள், பின்னாலேயே ஜீப்பும் வந்துவிட்டது. திரௌபதிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. விசிறியை எடுத்து ஒரு செய்தித்தாளில் சுருட்டி, கீர்த்தனாவின் பைக்குள் திணித்தாள். உன் ஆட்கள்தானே, உன் பையிலேயே பிடிக்கட்டும்.

கடையைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. அதிகாரியின் கண் பையில் விழுந்தது.

“இது யார் பை?”

“என்னுதுங்க சார்,” என்றாள், இரண்டு கையிலும் டீ கிளாஸோடு வந்த கீர்த்தனா. ஒன்று திரௌபதிக்கு வாங்கியது.

தாளைப் பிரித்த அதிகாரி முகம் சுளித்தார். “உன் பேரு என்ன? எங்க வேலை?”

அவருக்கு அவள் பேர்கூடத் தெரியவில்லை! திரௌபதிக்கு எங்கோ இடித்தது. நடிக்கிறார்களோ?

கீர்த்தனா சொன்னாள். அவர் கடுப்பாகச் சிரித்தார். “கடல் பாடமா? ஊருக்கு வாங்காதன்னு சொல்லிட்டு நீ பையில வெச்சிக்கினு திரியறியா? இனிமே எந்த ஸ்கூல்ல உன்ன உள்ள விடுவாங்க? உங்க ஆபீசுக்குச் சொல்றேன். ஏறு.”

தாள் ஓரத்தில் திரௌபதி கடைக் குங்குமம் அப்பியிருந்தது. கீர்த்தனா அதைப் பார்த்தாள். பிறகு திரௌபதியைப் பார்த்தாள். டீ தளும்பிக் கையில் சுட்டது. கையை உதறக்கூட இல்லை. வாய் திறக்காமல், டீ கிளாஸ்களோடேயே ஜீப்பில் ஏறினாள்.

ஒரு வார்த்தை சொன்னால் போதுமே, இவள் ஏன் சொல்லவில்லை? இதிலும் சூழ்ச்சி இருக்குமோ என்று திரௌபதி தேடித் தேடிப் பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. அவமானம்தான் மிஞ்சியது. ஜீப் உறுமியது.

“சார்! நிறுத்துங்க! அந்தப் பொண்ண இறக்குங்க. அது என்னுது, நான்தான் பையில வெச்சேன்.”

டீக்கடையில் அப்பாதுரை தலையில் அடித்துக்கொண்டார்.

கடைக்குச் சீல் வைத்தார்கள். கீர்த்தனாவை இறக்கிவிட்டு, திரௌபதியை ஏற்றினார்கள். இறங்கியவள் போகாமல் மறுபடி ஏறி எதிரில் உட்கார்ந்தாள்.

“நீ எங்கம்மா வர? அதான் விட்டாச்சே,” என்றார் அதிகாரி.

“கூட வரேன்னு அக்காகிட்ட சொல்லியிருந்தேங்க சார்.”

திரௌபதிக்குத் தலை நிமிரவில்லை. வண்டி கொஞ்ச தூரம் போன பிறகு மெதுவாகக் கேட்டாள். “ஏம்மா, நெசமாவே கடல் பாடந்தான் எடுக்கறியா?”

“பேசாதீங்க. செம கோவத்துல இருக்கேன்,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாதி கொட்டி ஆறிப்போன டீயை நீட்டினாள் கீர்த்தனா.