ஆய்வு நேரத்தில் திறந்திருந்தது

அன்று காலை சந்தையின் பெண்கள் கழிப்பறை வாசலில் இருந்தவர்கள்: வெளியிலிருந்து தணிக்கைக்கு வந்த அதிகாரி அம்மா, பூட்டுச் சாவி கையில் இருப்பதால் சந்தையில் சாவி என்றே பெயர் வாங்கிய நகராட்சி மேற்பார்வையாளர், பினாயில் வாளியோடு துப்புரவுக்காரம்மா, பக்கத்தில் செருப்புக் கடை போட்டிருக்கும் என் அக்கா, பார்த்துவந்த ராத்திரி வேலையை விட்டுவிட்டு இப்போது அவள் கடையில் உட்கார்ந்திருக்கும் அவள் தம்பி நான்.

கதவு திறந்திருந்தது. அதுதான் செய்தி.

மற்ற நாட்களில் அது பூட்டியே கிடக்கும். கேட்டால் தண்ணீர் இல்லை என்பார் சாவி. தண்ணீர் வந்தால் கழுவ ஆளில்லை என்பார். ஆண்களுக்குச் சந்தையின் பின்சுவர் இருக்கிறது. பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருந்துகொள்வார்கள். அக்கா காலையில் அரை டம்ளர் டீ குடித்தால், கடை கட்டி வீடு சேரும்வரை நாக்கை நனைக்கமாட்டாள். போன மாதம் காய்ச்சல் வந்து, சிறுநீரில் ரத்தம் போனது. “தண்ணி குடிக்கிறதுக்குக்கூடவா சோம்பேறித்தனம்? இன்னொரு தடவை வந்தா கிட்னி போயிரும்” என்று டாக்டர் திட்டினார். அக்கா தப்புச் செய்தவள்போலத் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல்தான் எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

தணிக்கைக்காரர்கள் யாருக்கும் கட்டுப்பட்டவர்கள் இல்லையாம். வரும் தேதியை மட்டும் நகராட்சிக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டுமாம். அதனால் முந்தின நாளே லாரி வந்து தொட்டியை நிரப்பியது. புது சோப்பு வந்தது. சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடிகூட மாட்டிவிட்டார்கள்.

“என்னக்கா, கல்யாண மண்டபம் மாதிரி இல்ல?” என்றார் சாவி.

“ஆமா. மாப்பிள்ளை நீதான் போல” என்றாள் அக்கா.

துப்புரவுக்காரம்மா சிரித்துவிட்டு, வாளிப் பக்கம் குனிந்துகொண்டாள்.

அதிகாரி அம்மா அக்காவிடம் வந்தார். “தினமும் திறந்திருக்குமாம்மா?”

“அக்காவுக்கு எல்லாம் தெரியும் மேடம்” என்றார் சாவி. சொல்லும்போது அவர் பார்த்தது அக்காவை அல்ல, அனுமதி இல்லாமல் நடைபாதையில் நீட்டிக்கொண்டிருந்த எங்கள் கடைப் பலகையை.

அக்காவும் அதைப் பார்த்தாள். “இது உள்ள எப்படி இருக்கும்னே இன்னைக்குத்தான் பாத்தேன்.”

அதிகாரி அம்மாவின் விரல் செல்போன்மேல் நின்றது. கெட்ட மனுஷி இல்லை. “நம்புறேன்மா. ஆனா நான் வந்தப்ப கண்ணால பாத்ததைத்தான் பதிய முடியும். திறந்த கதவைப் போட்டோ எடுத்து ஏத்தணும். உங்க புகாரைத் தனியா எழுதிக் குடுங்க, அனுப்பி வைக்கிறேன்.”

“யாருக்கு?”

“நகராட்சிக்குத்தான்.”

சாவி சிரிக்கக்கூட இல்லை. அவ்வளவு நிம்மதி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “சொல்லிட்டு வந்தா திருடன்கூட வீட்டைப் பெருக்கி வைப்பான் மேடம். எதுக்கு முன்னாடியே சொல்றீங்க?”

“திறந்து காட்ட ஆள் வேணும்ல தம்பி” என்றார் அவர். அதைச் சொன்னபிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்ததுபோல, முகம் சுருங்கியது. ஆனாலும் செல்போனைத் தூக்கினார். படத்தில் விழாமல் சாவி ஒதுங்கி நின்றார்.

அக்கா எழுந்தாள். என் காலடியில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். எல்லோரும் பார்க்க, நின்றபடியே, கடைசிச் சொட்டுவரை குடித்தாள். பகலில் அவள் தொண்டை அப்படி ஏறி இறங்கி நான் பார்த்ததில்லை. காலி பாட்டிலை என் மடியில் போட்டாள். செருப்புக் குவியலைத் தாண்டி, படத்துக்கு நடுவே போய் வாசலில் நின்றாள்.

“ஏக்கா, மேடம் போட்டோ எடுத்துக்கட்டும். அப்புறமா போ.”

“அப்புறம் நீ பூட்டிருவ.”

“உன் கடை விஷயத்துல நான் இதுவரைக்கும் ஏதாவது சொல்லியிருக்கேனா?” சாவியின் குரல் இறங்கியிருந்தது.

“இனிமே சொல்லிக்கோ.” அக்கா திரும்பினாள். “பாத்ததைத்தான எழுதுவீங்க மேடம்? நான் எப்ப வெளிய வருவேன்னு எனக்கே தெரியாது. நின்னு மூடின கதவையும் பாருங்க.”

கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே தாழ்ப்பாள் துருப்பிடித்திருக்க வேண்டும், நகர மறுத்தது. செருப்பைக் கழற்றி அவள் தாழ்ப்பாளை அடிக்கும் சத்தம் கேட்டது. இன்னொரு அடி. பிறகு தாழ்ப்பாள் விழுந்தது.