டீக்கு முன்னால் போட்ட டிக்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு வீட்டுக்கு வந்ததும் ஒரு பழக்கம் உண்டு. முகம் கழுவுவதற்கு முன்பே பழைய பேப்பரை விரித்து, டூல்ஸ் பையைக் கவிழ்த்து, ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர், டெஸ்டர் என்று ஒவ்வொன்றாகத் துடைத்து உள்ளே வைப்பார். குழந்தையைக் குளிப்பாட்டுகிற பொறுமையோடு செய்வார். அன்றைக்கு எல்லாம் உள்ளே போன பிறகும் பக்கத்துப் பாக்கெட் மட்டும் தட்டையாகக் கிடந்தது. கையை விட்டார். தையல் நூல்தான் விரலில் சிக்கியது. ஜம்பரைக் காணோம்.

ஜம்பர் என்பது ஒரு முழம் நீளச் சிவப்பு வயர். இரண்டு முனையிலும் கிளிப் இருக்கும். கதவு திறந்திருந்தால் லிஃப்ட் நகரக் கூடாது, அப்படித்தான் அதைச் செய்து வைத்திருக்கிறார்கள். ஆனால் ரிப்பேர் பார்க்கும்போது கதவைத் திறந்து வைத்தபடியே ஓட்டிப் பார்க்க வேண்டி வரும். அப்போது மொட்டை மாடி மெஷின் ரூமில் இருக்கிற பேனலில் இந்த வயரை மாட்டினால், கதவு சாத்தித்தான் இருக்கிறது என்று லிஃப்ட் ஏமாந்துபோகும். வேலை முடிந்ததும் மறக்காமல் கழற்றியாக வேண்டும். மறந்தால், கதவு ஆவென்று திறந்து கிடக்க, ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே என்று ஆள் நிற்க, லிஃப்ட் தன்பாட்டுக்கு மேலே போகும். அதற்கு மேல் அந்தத் தொழிலில் யாரும் வாயால் சொல்வதில்லை.

மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். இவருக்கு மடியில் இருக்க வேண்டிய கனம் இல்லாததால் பயம். பையை மறுபடி கவிழ்த்தார். பேன்ட் பாக்கெட், வண்டியின் டிக்கி, சாப்பாட்டுப் பையின் அடி என்று எல்லா இடத்திலும் தேடினார். பிறகுதான் நோட்டு ஞாபகம் வந்தது. அதைத் திறந்து பார்த்துவிட்டால் தெரிந்துவிடப் போகிறதே என்று ஒரு நிமிஷம் நிம்மதியாகக்கூட இருந்தார், பாவம்.

அந்த நோட்டு வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். போன வருஷம் ஒரு நாள், மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வருகிற முறை இவருடையது. மறந்துவிட்டார். வாட்ச்மேன் போன் செய்யும்வரை குழந்தை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. வீட்டில் பூகம்பம். அதற்கு மருந்தாகக் கொழுந்தியா ஒரு நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஆபீஸில் கணக்கு எழுதுகிறவள், எதையும் வரிசையாகச் செய்கிறவள்.

"மாமா, இது புல்லட் ஜர்னல்."

"புல்லட்டா? யாரைச் சுடணும்?"

"உங்க மறதியை. செய்ய வேண்டிய வேலைக்கு ஒரு புள்ளி. முடிச்சிட்டா அது மேல பெருக்கல் குறி. நாளைக்குத் தள்ளினா அம்புக்குறி. முடிஞ்ச உடனே போடணும், அதுதான் முக்கியம்."

மெக்கானிக் ஒரு வாரம் ஒழுங்காகத்தான் எழுதினார். பிறகு நோட்டைத் தன் வழிக்கு வளைக்க ஆரம்பித்தார். பெருக்கல் குறியைப் பார்த்தால் கணக்கு வாத்தியார் தப்பு போட்டது மாதிரி இருந்தது, அதனால் டிக்குக்கு மாறினார். அம்புக்குறி, இவர் சோம்பேறித்தனத்தை ஊருக்குக் காட்டிக் கொடுப்பதாகப் பட்டது, அதற்கும் கல்தா. முதல் பக்கத்துப் பொருளடக்கம், மாதத் திட்டம், கலர் பேனா எல்லாம் போயின. கொழுந்தியாளே சொல்லியிருந்தாள்: "ரூல்ஸ் ஒண்ணும் கல்வெட்டு இல்ல மாமா, உங்க பழக்கத்துக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க." இவருக்கு அது போதும். ஆடுகிற காலுக்குச் சலங்கை கட்டிய கதைதான்.

கடைசியாக ஒன்றை மாற்றினார். அதுதான் வினையாக வந்தது. வேலை நடக்கும்போது கையெல்லாம் கிரீஸ், நோட்டைத் தொட முடியாது. கை கழுவுவது டீக்கு மட்டும்தான். ஆகவே டீயும் நோட்டும் ஒன்றாக என்று வைத்துக்கொண்டார். டீயை உறிஞ்சிக்கொண்டே முடித்ததற்கெல்லாம் டிக் போடுவார். ஆனால் அரைகுறையாகக் கிடக்கிற புள்ளிகளைப் பார்த்தால் இவருக்கு டீ தொண்டையில் இறங்காது. 'இதோ, போய்ச் செய்யப்போகிற அஞ்சு நிமிஷ வேலைதானே' என்று அவற்றுக்கும் சேர்த்துப் போட்டுவிடுவார். பக்கம் நிறைந்துவிடும், மனசும் நிறைந்துவிடும். டீ முடிந்ததும் போய் அந்த வேலையைச் செய்துவிடுவார். இத்தனை நாள் செய்துவிட்டார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது பக்கத்தைத் திறந்தார். கண் ஆஸ்பத்திரி. கதவு கான்டாக்ட் சுத்தம், டிக். ஜம்பர் கழற்று, டிக். பேனல் மூடு, டிக். மூன்றும் ஒரே சாய்வில், ஒரே மூச்சில் போட்டவை. ஓரத்தில் டீ கிளாஸின் வட்டம் பதிந்திருந்தது.

கேன்டீனில் டீ குடித்தது ஞாபகம் இருக்கிறது. மேலே ஏறும்போது கம்பெனி இன்ஜினியர் போன் செய்தது ஞாபகம் இருக்கிறது. வேறொரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது, உடனே ஓடு என்றார். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பையைத் தூக்கியதும் மெஷின் ரூமைப் பூட்டியதும் ஞாபகம் இருக்கின்றன. பேனலுக்குள் கை விட்டது ஞாபகம் இல்லை. நோட்டைக் கேட்டால் அது டிக் டிக் என்கிறது. அதற்கு என்ன தெரியும், இவர் சொன்னதைத்தானே சொல்லும்.

"ஏங்க, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?" மனைவி துணி மடிப்பதை விட்டுவிட்டு வந்தாள்.

சொன்னார். பாதி சொல்லும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. பதினோரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்கோடு குடித்தனம் செய்தவள்.

"முதல்ல போன் பண்ணி லிஃப்டை நிறுத்தச் சொல்லுங்க."

"வேலை போயிடும்டி. ஓடிப் போய்க் கழட்டிட்டு வந்துட்டா யாருக்கும் தெரியாது."

"நீங்க போய்ச் சேர்றதுக்குள்ள ஒருத்தர் காலு போச்சுன்னா?"

போனை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போட்டார். ஒரு குழைவான குரல், தங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்றது. பிறகு வீணை. வீணை முடிந்ததும் மறுபடி அதே குரல். போனைப் பிடுங்கிக்கொண்ட மனைவி, "நான் அடிச்சிட்டே இருக்கேன், என்னோட போனை நீங்க எடுத்துட்டுக் கிளம்புங்க" என்றாள். மகள் படம் வரைந்துகொண்டிருந்தவள் தலை தூக்கிப் பார்த்தாள். அவளிடம் சிரிக்க முயன்று, அது சரியாக வராமல், மெக்கானிக் நோட்டையும் மெஷின் ரூம் சாவியையும் பாக்கெட்டில் செருகிக்கொண்டு செருப்பை மாட்டினார்.

வழியெல்லாம் சாயங்கால நெரிசல். சிக்னலில் நின்றபோது பார்வையாளர் நேரம் ஆரம்பித்திருக்கும் என்ற நினைப்பு வந்தது. அந்த ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் யார்? ஒரு கண்ணில் கட்டுப் போட்டவர்கள், இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டு எல்லாம் மங்கலாகத் தெரிகிறவர்கள், சுவரைத் தடவித் தடவி நடக்கிறவர்கள். இந்த ஊரில் இத்தனை கட்டடம் இருக்க, மறதி அங்கேயா வந்து தொலைய வேண்டும்? கிளட்ச் நழுவியது. வண்டி நின்று போனது. பின்னால் இருந்தவர்கள் ஹாரனால் திட்டினார்கள். திட்டட்டும். தன்னை இதைவிடக் கேவலமாக அவரே திட்டிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார். பழைய காலத்து லிஃப்ட் அது. வெளியே ஒரு கம்பிக் கதவு, உள்ளே ஒரு கம்பிக் கதவு, இரண்டையும் கையால்தான் இழுத்துச் சாத்த வேண்டும். தரைத்தளத்தில் இரண்டும் திறந்திருந்தன. இடது கண்ணில் வெள்ளைக் கட்டோடு ஒரு பெரியவர் உள்ளே ஒரு காலை வைத்துவிட்டு, இன்னொரு காலை எடுக்காமல், தூண் பக்கம் போனில் பேசிக்கொண்டிருந்த தன் மகனுக்காகத் திரும்பிக் காத்திருந்தார்.

"ஐயா, வெளிய வாங்க! வெளிய வாங்க!"

பெரியவர் எந்தப் பக்கத்திலிருந்து குரல் வருகிறது என்று கட்டுப் போட்ட பக்கமாகத் தேடினார். மேலே எந்த மாடியிலோ யாரோ பட்டனை அமுக்கினார்கள். மொட்டை மாடிப் பேனலில் ரிலே டக்கென்று விழுந்தது, தரைத்தளத்திலிருந்து அது கேட்காது. ஆனாலும் மெக்கானிக்குக்குக் கேட்டது. பாய்ந்து பெரியவரின் இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்தார். இருவரும் தரையில் விழுந்தார்கள். லிஃப்ட் கதவு திறந்தபடியே, மெதுவாக, எந்த அவசரமும் இல்லாமல் மேலே போனது. பெரியவரின் ஒற்றைச் செருப்பு அதில் ஏறிக்கொண்டு போயிற்று.

"யாருய்யா நீ? வயசான மனுஷனை இப்படியா இழுப்பே?" என்றார் பெரியவர் கோபமாக.

அவருக்குத் தெரியவில்லை. மெக்கானிக் சொல்லவும் இல்லை. எழுந்து வெளிக் கதவை இழுத்துச் சாத்தி, ஓடி வந்த நர்ஸிடம், "சிஸ்டர், ஒருத்தரையும் கிட்ட விடாதீங்க, எல்லா மாடிக்கும் சொல்லுங்க" என்று கத்திவிட்டுப் படியில் ஏறினார். மூன்றாம் மாடியில் ஒரு பெண் செருப்பைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டு உள்ளே நின்றிருந்தாள். தோளைப் பிடித்து வெளியே விட்டார். அவள் ஏசியது முதுகுக்குப் பின்னால் கேட்டது. மெஷின் ரூம் பூட்டைத் திறந்தார். மெயினை அணைத்தார். மோட்டார் ஓய்ந்தது.

பேனல் மூடாமல் கிடந்தது. உள்ளே சிவப்பு வயர், இரண்டு கிளிப்பும் கவ்வியபடி இருந்தது.

கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்து அழுதார். நாற்பது வயது ஆள், எண்ணெய்த் தரையில், மூக்கைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அழுதார். பிறகு இன்ஜினியருக்குப் போன் போட்டு ஒன்றுவிடாமல் சொன்னார். மறைத்துவிடலாம் என்று வீட்டில் தோன்றியது இப்போது தோன்றவில்லை.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

"இல்ல சார்."

"லிஃப்டை அணைச்சே வை. காலையில ஆபீஸுக்கு வா. அந்த நோட்டையும் எடுத்துட்டு வா."

வேலை போனது மாதிரிதான். போகட்டும். பழக்கதோஷம், கை நோட்டைத் திறந்தது. ஜம்பர் கழற்று என்ற வரிக்கு எதிரே டிக் போட வேண்டும். ஆனால் அது ஏற்கெனவே இருந்தது. வேலை நிஜமாகவே முடிந்தபோது அதைக் குறிக்க இடம் இல்லை. அந்தப் பக்கத்தைப் பார்க்கப் பிடிக்காமல் பின்னால் புரட்டினார்.

பக்கம் பக்கமாக டிக். ஒரு புள்ளிகூட மிச்சமில்லாமல், கொழுந்தியா பார்த்தால் மெடல் குத்திவிடுவாள், அத்தனை சுத்தம். கயிறு பார்த்தது, நட்டு இறுக்கியது, எண்ணெய் விட்டது. துணிக்கடை, வங்கி, குழந்தைகள் நூலகம். இதில் எது வேலைக்குப் பின்னால் போட்டது, எது முன்னால் போட்டது? அப்போதுதான் நிஜமான பயம் வந்தது. இதுவரை வந்தது இதற்கு ஒத்திகை.

போன வாரத்துப் பக்கத்தில் கை நின்றது. நம்ம வீட்டு லிஃப்ட், அதாவது இவர் ஏழாம் மாடியில் குடியிருக்கிற கட்டடத்து லிஃப்ட். பிரேக் கட்டை மாற்று, டிக். பிரேக் நட்டு இறுக்கு, டிக். பக்கத்தில் டீ வட்டம். அது மனைவி போட்ட டீ. கட்டையை மாற்றிவிட்டு, நட்டைக் கையால் சுற்றி வைத்துவிட்டு வீட்டுக்குள் வந்தார். மகள் புதுப் படத்தைக் காட்டி, இதில் நீங்கள் யார் என்று கண்டுபிடியுங்கள் என்றாள். அதற்குப் பிறகு ஸ்பேனரோடு மாடி ஏறினாரா? ஒரு வாரமாக ஓடுகிறதே என்றது புத்தி. கையால் சுற்றிய நட்டு ஒரே நாளில் கழன்று விழாது, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இளகும், ஒரு நாள் பிரேக் பிடிக்காமல் போகும் என்று தொழில் சொன்னது.

போன் அடித்தது. மனைவி.

"ஆஸ்பத்திரியில இப்பதான் எடுத்தாங்க, யாருக்கும் ஒண்ணும் இல்லைன்னு சொன்னாங்க. எனக்கு உசிரே வந்துச்சு. நீங்க தனியா உக்காந்திருப்பீங்கன்னு பாப்பாவைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிட்டேன். இதோ லிஃப்ட் வந்துடுச்சு."

"ஏறாதே."

"என்னது?"

"ஏறாதே! பாப்பா எங்க? கையைப் பிடி! அவளைப் பிடிச்சு வெளிய இழு!"

அந்தப் பக்கம் ஏதோ உரசியது. மகள் சிணுங்குவது கேட்டது.

"புடிச்சிட்டேன். வெளியதான் நிக்கிறோம். ஏங்க, நம்ம லிஃப்டுமா?"

"தெரியலடி" என்றார். அவர் வாழ்க்கையில் சொன்னதிலேயே கஷ்டமான வார்த்தை அதுதான். "எனக்குத் தெரியல. அந்தக் கதவைச் சாத்திட்டு, குறுக்க ஒரு நாற்காலியைப் போடு. எல்லா வீட்டுக் கதவையும் தட்டிச் சொல்லு. அப்புறம் படியில இறங்கு. போனை வைக்காதே."

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. கதவுகள் தட்டப்படுவது ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. பிறகு ஏழு மாடிப் படிகளில் இரண்டு ஜோடிச் செருப்புகள், ஒன்று பெரியது, ஒன்று சின்னது. சின்னது ஒவ்வொரு படிக்கும் குதித்தது. மெக்கானிக் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, இன்னொரு கையால் நோட்டில் டிக் ஆரம்பிக்கிற பக்கத்தைத் திறந்து, முதல் டிக்கைக் கோடு போட்டு அடித்து, அதன் பக்கத்தில், செய்ய வேண்டிய வேலை என்று, ஒரு புள்ளி வைத்தார்.