பச்சை எரு போட்ட பாத்தி

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்குக் கத்தரிச் செடிகள் பதினொன்றும் வேரைப் பிடுங்கிக்கொண்டு பாத்தியை விட்டு வெளியேறின. தக்காளி நான்கும் பின்னாலேயே போயின. ஒற்றை மிளகாய்ச் செடி மட்டும் பின்வாசலில் கொஞ்சம் தயங்கியது. மண் உதிர உதிர அடுக்களையைக் கடந்து மகளின் அறைக்குள் புகுந்து, வாளித் தண்ணீரில் முறைவைத்து வேரை நனைத்துக்கொண்டன.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. லாரி ஓட்டும் அப்பா கோழிப்பண்ணையிலிருந்து எட்டு மூட்டைப் பச்சை எருவைக் கொண்டுவந்து அப்படியே செடித் தூரில் கொட்டியிருந்தார். மண்ணியல் படித்து, குடும்பத்திலேயே முதலில் பட்டம் வாங்கிய மகள் முந்தின நாளே குறுக்கே நின்றாள்.

"வேர் வெந்துடும்பா. சருகோட கலந்து குவிச்சு ஆறு மாசம் மக்க விடணும்."

"உனக்கு எதுக்கெடுத்தாலும் ஆறு மாசம். பரீட்சைக்கும் ஆறு மாசம், எருவுக்கும் ஆறு மாசமா? ஒண்ணாந்தேதி சித்தப்பா கடையில போய் உட்காரு, போதும்."

அது மண் பரிசோதனைக் கூடத்து வேலைக்கான பரீட்சை. கடையில் உட்கார்ந்தால் அதோடு படிப்பு அவ்வளவுதான் என்று அவளுக்குத் தெரியும். அறையில் நடந்துகொண்டே படித்தாள். செடிகளும் ஓரிடத்தில் நிற்கவில்லை. திரும்புகிற இடத்தில் அவளும் அவையும் இடித்துக்கொண்டார்கள். அப்பா ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டுபோய் நட்டார். கைகழுவித் திரும்புவதற்குள் அவை அவருக்கு முன்னால் உள்ளே வந்து நின்றன.

ஒன்றாம் தேதி மகள் சொன்னாள்: "இதுங்களைப் பாத்தியில நிக்க வைங்க. நான் கடைக்குப் போறேன்."

அப்பா அன்று லாரி எடுக்கவில்லை. மாலைவரை முயன்றார்.

"வேகாத சோத்தை நீங்க தின்பீங்களா? விட்டுத் தொலைங்க," என்றாள் அம்மா, பதினேழாவது தடவையாக அடுக்களையைக் கூட்டிக்கொண்டே.

அவர் மண்வெட்டியை எடுத்தார். எருவை வழித்துச் சருகோடு குவித்தார். வாரம் ஒருமுறை கிளறி, முழங்கைவரை கையை விட்டுப் பார்த்து, "இன்னும் கொதிக்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சித்தப்பா இரண்டு தடவை ஆள் அனுப்பினார். இரண்டு தடவையும் அப்பா குவியலைக் கிளறிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

ஆறாம் மாதம் எரு டீத்தூள் போலக் கறுத்து உதிர்ந்தது, நாற்றமில்லை. பாத்தியில் பரப்பிவிட்டு வந்து, முதன்முறையாக மகளின் கதவைத் தட்டினார். "ஆறிடுச்சும்மா."

கத்தரியும் தக்காளியும் வரிசையாக வெளியேறின. மிளகாய் போகவில்லை. மறுநாள் பரீட்சைக்குக் கிளம்பியவளோடு பஸ் ஏறியது. நடத்துனர் ஏற இறங்கப் பார்த்து, அதற்கு அரை டிக்கெட் கிழித்தார்.