நிரப்பிய பரல்

வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியின் மொட்டைமாடியில் ஒரு பிடி மண்கூடக் கிடையாது. அங்கேதான் நான் பச்சையாகச் சாப்பிடும் சலாது இலை வளர்த்தேன். வெள்ளைக் குழாய்கள், அவற்றில் துளைகள், துளைக்கு ஒரு செடி. சத்துக் கலந்த தண்ணீர் குழாய்களுக்குள் ஓடிக் கீழ்த்தொட்டிக்கு வந்து திரும்பவும் ஓடும். தொட்டியில் மட்டம் இறங்கினால், பக்கத்தில் பீப்பாய்போல நிற்கும் நீலப் பரலிலிருந்து நல்ல தண்ணீர் தானாக இறங்கும். களையில்லை, புழுவில்லை. வேர்கள் நூல்போல வெள்ளையாகத் தொங்கும். அவற்றைப் பார்த்தபடி யாரோடும் பேசாமல் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

கீழ்வீட்டு றலியா ராத்தா அடிக்கடி வட்டிலப்பம் கொடுத்தனுப்புவார். கழுவிய கோப்பையில் நாங்கள் இலை வைத்து அனுப்புவோம். 

"ஆட்டுக்குப் போடுற எலையெல்லாம் எங்களுக்குத் தாறீங்க" என்று சிரிப்பார். 

அவர் கணவர் இப்றாஹிம் நானா மேலே வந்து பார்த்துவிட்டு, "மண்ணில்லாத வெள்ளாம, அடுப்பில்லாத சோறு. தம்பி, நீங்க பெரிய ஆள்தான்" என்பார்.

எனக்கு வேலை போய் ஒரு வருடமாகியிருந்தது. கல்கிசை ஹோட்டலொன்றின் சமையல் பொறுப்பாளர் வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். பிடித்தால் கிழமைதோறும் இலை எடுப்பார். பிடிக்காவிட்டால் நான் டோஹாவுக்கு வேலைக்குப் போவதென்று நானும் மனைவி யதுஷாவும் முடிவெடுத்திருந்தோம். மகளுக்கு அப்போதுதான் பேச்சு வந்துகொண்டிருந்தது. நானாவுக்கும் இதெல்லாம் தெரியும்.

புதன்கிழமை விடியும்போது றலியா ராத்தா மௌத்தாகிவிட்டார். முந்தின நாளிலிருந்து கொழும்பில் நீர்வெட்டு. கட்டடத்தில் கிணற்றுத் தண்ணீர் மட்டும்தான் வந்தது. கடல் பக்கம் என்பதால் அது வாயில் வைக்க முடியாத உப்பு.

நானா வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, மேல நல்ல தண்ணி ஈக்கா? அவட கடைசிக் குளிப்பு. உப்புத் தண்ணில வேணாம்."

"எவ்வளவு வேணுமெண்டாலும் எடுங்கோ நானா."

பரல் வெறுமையானது. தொட்டியில் இருக்கும் தண்ணீர் வெள்ளிவரை ஒருவாறு தாங்குமென்று நினைத்தேன். மையவாடி வரை போய், அன்று முழுவதும் மரண வீட்டிலேயே இருந்தேன்.

வியாழன் காலை மேலே போனபோது செடிகள் எல்லாம் தலை தொங்கிக் கிடந்தன. இலையோரங்கள் கருகியிருந்தன. வேர்கள் தேநீர் நிறம். நான் இதுவரை பயந்ததெல்லாம் கரண்ட் வெட்டுக்குத்தான். அதற்கென்று பற்றரிகூட வாங்கி வைத்திருந்தேன். மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பரலின் மூடியைத் திறந்தேன். வெறுமையாய் இருக்கவேண்டியதில் முக்கால்வாசிக்குத் தண்ணீர். விரலை நனைத்து நாக்கில் வைத்தேன்.

நானாவின் மகள் சஹ்லா படுக்கை விரிப்புகளைக் காயப்போட வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"ராகுலன் அண்ணா, பரல நான்தான் நெரப்பி வச்சேன். வாங்கின ஏனத்த வெறுமையாத் திருப்பினா உம்மா ஏசுவா."

"எந்தத் தண்ணி பிள்ளை?"

"கெணத்துத் தண்ணி. எங்கட றம்பைக்கும் கறிவேப்பிலைக்கும் அதத்தானே ஊத்துற. சரிதானே?"

அவளுடைய பூச்சாடிகளில் மண் இருக்கிறது. மண் உப்பைக் கொஞ்சம் தனக்குள் வைத்துக்கொள்ளும். மழை வந்து கழுவும்வரை செடிக்குத் தவணை கொடுக்கும். என் வேர்களுக்கும் தண்ணீருக்கும் இடையில் ஒன்றுமே இல்லை. இதை நேற்றுத் தாயை இழந்தவளிடம் எப்படிச் சொல்வது?

"சரிதான் பிள்ளை" என்றேன்.

நீர்வெட்டு முடியவில்லை. கடைகளில் போத்தல் தண்ணீரும் தீர்ந்திருந்தது. யதுஷா மேலே வந்து, செடிகளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அவையளுக்குச் சொல்லப்போறீங்களோ?"

"என்னெண்டு?"

அவள் குனிந்து கருகிய இலைகளைக் கிள்ளத் தொடங்கினாள்.

வெள்ளிக்கிழமை வந்தவர் ஓர் இலையைக் கிள்ளி மென்று, கைக்குட்டையில் துப்பினார். வேறொரு நாள் பார்ப்போம் தம்பி என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கெட்ட மனிதரல்ல. படியில் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

அன்று பின்னேரம் ராத்தாவுக்காக ஓதும் மூன்றாம் நாள் கத்தம். சோறும் இறைச்சியும் வைத்த மூடிக்கோப்பையை நானாவே கொண்டுவந்தார்.

"தம்பி, எலையெல்லாம் நல்லா ஈக்கா?"

"ஓம் நானா."

கோப்பையைக் கழுவித் துடைத்தபின் யதுஷா அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "இதுக்குள்ள என்னத்தைப் போடுறது?" பிறகு சீனிப் போத்தலை எடுத்தாள்.

நான் கொண்டுபோனேன். சஹ்லா பல்கனியில் றம்பைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பச்சையாக, அடர்ந்து நின்றது அது. நானா மூடியைத் திறந்தார். சீனியை வெகுநேரம் பார்த்தார். பிறகு பல்கனியைப் பார்த்தார். மகளுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"எப்ப பயணம்?"

"வாற மாசம், நானா."

அவர் மூடியைத் திரும்ப வைத்தார். அது சரியாகப் பொருந்தவில்லை. மறுபடியும் வைத்தார்.