குறை சொல்லாத மூன்று நாள்

அந்த வீட்டு மாமியாருக்கு மருமகள் சமையலில் ஒரு நாளும் உப்புப் பத்தியதில்லை. மருமகள் ஒன்றும் சமையல் தெரியாதவள் அல்ல. ஒரு பெரிய ஆலையின் கேண்டீனில் நூற்றுக்கணக்கான பேருக்குச் சமைக்கிறவள். அங்கே தட்டை வழித்துச் சாப்பிடுகிறார்கள். வீட்டில் மட்டும், கல்யாணமான நாளிலிருந்து, முதல் வாய் உள்ளே போனதும் "உப்பு பத்தலை". அவளும் வீம்புக்கு ஒரு சிட்டிகைகூட அதிகம் போட்டதில்லை.

அவள் காய்ச்சலில் ஒரு வாரம் படுத்து எழுந்த பிறகுதான் அதிசயம் நடந்தது. மூன்று நாளாக மாமியார் குறையே சொல்லவில்லை. எதை வைத்தாலும் "நல்லா இருக்கு" என்றாள். நாம் படுத்துக் கிடந்ததில் நம் அருமை தெரிந்துவிட்டது என்று மருமகளுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பாலூற்றி ஓவனில் வேகவைக்கும் உருளைக்கிழங்கு அடுக்கை வீட்டில் ஒத்திகை பார்த்தாள். கேண்டீன் பலகையில் அதை கிராட்டின் என்று எழுதுவார்கள். மறுநாள் அவள் வேலைக்குத் திரும்பும் நாள். ஆலை அதிகாரிகள் அன்றைக்குத்தான் சாப்பிட வருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்தால் தலைமைச் சமையல் பொறுப்பு அவளுக்கு. இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஒருவர் வருவார், அவர் ஏவலுக்கு இவள் வெங்காயம் நறுக்க வேண்டியதுதான்.

கிழங்கைக் காகிதம் போலச் சீவினாள். சீவியதைக் கழுவவில்லை. கழுவினால் பசை போய் அடுக்கு ஒட்டாது. பாலும் க்ரீமும் நசுக்கிய பூண்டும் மிளகுத்தூளும் சேர்த்து அடுப்பில் வைத்தாள். உப்பைக் கரண்டியால் அளக்கிறவர்களைக் கண்டாலே அவள் கேலி செய்வாள். சுண்டுவிரலைத் தொட்டு நாக்கில் வைப்பாள், அவள் கணக்கு அவ்வளவுதான். வைத்தாள். சப்பென்றிருந்தது. ஒரு சிட்டிகை போட்டாள். இன்னும் சப்பென்றுதான் இருந்தது. கல்லுப்பு கரையவில்லை போலிருக்கிறது என்று தாராளமாகவே அள்ளிப் போட்டாள். வெண்ணெய் தடவிய பாத்திரத்தில் கிழங்கை ஒன்றின்மேல் ஒன்று சாய்த்து அடுக்கி, பாலை ஊற்றி, சீஸைத் துருவித் தூவி ஓவனுக்குள் தள்ளினாள்.

வாசனை தெருக்கோடி வரைக்கும் போகும் என்று கூடத்திலிருந்து புருஷன் குரல் கொடுத்தான்.

அவளுக்குப் பகீரென்றது. எந்த வாசனை? மூன்று நாளாக வாசனை தெரியாததற்கு மூக்கடைப்பைக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தாள், அது காலையிலேயே விட்டுவிட்டது. மூச்சு தடையில்லாமல் போய் வந்துகொண்டிருந்தது. ஓவனைத் திறந்தாள். மேலே சீஸ் சிவந்து கொப்பளித்தது. முகத்தில் அனல் அடித்தது, வேறொன்றும் இல்லை. ஒரு கரண்டி எடுத்து ஊதி வாயில் போட்டாள். சூடு தெரிந்தது, குழைவு தெரிந்தது, ருசி தெரியவில்லை. உப்பு டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை நாக்கில் கொட்டிப் பார்த்தாள். மணலைத் தின்பது போலிருந்தது.

பாத்திரத்தைக் கூடத்துக்குக் கொண்டுபோய் வைத்தாள். புருஷன் ஒரு வாய் போட்டுக்கொண்டு அவசரமாகத் தண்ணீரைத் தேடினான். மாமியார் மென்று விழுங்கிவிட்டு "நல்லா இருக்கு" என்றாள்.

"அத்தை, நிஜத்தைச் சொல்லுங்க."

மாமியார் மகனைப் பார்த்தாள். பிறகு ஸ்பூனைக் கீழே வைத்தாள். "வாயில வைக்க முடியலம்மா. மூணு நாளா இப்படித்தான் இருக்கு."

மருமகள் ஆடிப்போனாள். ருசி போன அதிர்ச்சி ஒரு பக்கம். தான் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய மூன்று நாளும் பொய் என்ற அதிர்ச்சி இன்னொரு பக்கம். டாக்டரைக் கேட்டாயிற்று என்று புருஷன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு இப்படி ஆகுமாம். பெரும்பாலும் திரும்பி வந்துவிடுமாம், ஆனால் எப்போது என்று சொல்ல முடியாதாம். நாளைக்குள் சரியாகிவிடும், அவள் மனசை உடைக்காதே என்று அம்மாதான் வாயைக் கட்டிப்போட்டாளாம்.

நாளைக்குப் போகவில்லை என்று சொல்லிவிடப் போவதாக அவள் முனகினாள். நாக்கு செத்த சமையல்காரியை யார் வைத்துக்கொள்வார்கள்?

மாமியார் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "மிச்சக் கிழங்கைச் சீவு. என் நாக்கு நல்லாத்தானே இருக்கு."

பிரிக்காமலே கிடந்த அளவுக் கரண்டியை மருமகள் முதன்முறையாகப் பிரித்தாள். இன்றைக்கு அளவு பிடிபட்டால் நாளைக்குக் கரண்டியை நம்பிச் சமைத்துவிடலாம். பால் சூடானது. மாமியார் சுண்டுவிரலைத் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"பத்தலை."

அரைக் கரண்டி போட்டாள்.

"பத்தலை."

இன்னொரு அரைக் கரண்டி. இந்தத் தடவை மாமியார் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள். மருமகளோ, "நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிடக் கூடாதே என்று பயந்தாள்.

"போதும், அடுப்பை அணை," என்றாள் மாமியார். "எனக்குப் பத்தலை. ஊருக்குச் சரியா இருக்கும்."

மருமகள் கரண்டியைப் பிடித்தபடி அவளையே வெறித்துப் பார்த்தாள்.

"என்ன பார்க்கிற? உன் சமையல் எப்பவும் அப்படித்தான் இருந்தது."